எல்லா வீட்டிலும் ஏழு மூட்டை

ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கணக்கை வகுப்பிலேயே முதலில் முடித்தவள் ரம்யா. அதுவே அவளுக்கு வினையாகிப் போனது.

பி.காம் இரண்டாம் வருடத்தில் புள்ளியியல் ஒரு பேப்பர். கணக்குக்குப் பயந்து காமர்ஸ் எடுத்த பிள்ளைகளை அங்கேயும் விடாமல் துரத்தி வந்து பிடிக்கிற பேப்பர் அது. அவரவர் ஊரில் இருபது வீடு ஏறி இறங்கி, ஏதாவது ஒரு விளைச்சலைக் கேட்டு வர வேண்டும். சராசரி போட்டு, ஒவ்வொரு வீடும் அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று காட்ட வேண்டும். அந்த விலகலுக்குத்தான் வாய் கொள்ளாத அந்தப் பெயர். ரம்யாவுக்குப் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலையூர். மொத்தமே இருபது வீடுதான். இந்த வருடம் எத்தனை மூட்டை சாமை என்று அத்தனை வீட்டையும் கேட்டாள். முதல் வீட்டில் ஏழு. அடுத்த வீட்டில் ஏழு. கடைசி வீட்டிலும் ஏழு. சராசரி ஏழு, விலகல் பூஜ்யம். வர்க்கமூலம் எடுக்கிற தொல்லைகூட இல்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றே நினைத்தாள்.

சாமி திறந்த கண்ணை ஜெபகுமாரி மேடம் மூடினார்.

"எந்த ஊர்லம்மா இருபது வீட்லயும் ஒரே மாதிரி விளையும்? ஹாஸ்டல் கட்டில்ல உக்காந்து எழுதினியா?"

"இல்ல மேடம். நெஜமாவே வூடு வூடா போய்க் கேட்டேன்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்காதே. திங்கக்கிழமை உண்மையான கணக்கோட வா. இல்லன்னா இன்டர்னல்ல முட்டைதான். அடுத்த வருஷமும் இதே பேப்பரை எழுதிக்கிட்டு இரு."

முட்டை போனால் போகட்டும். நாற்பது பேர் எதிரில் பொய்க்காரி ஆனதுதான் ரம்யாவுக்குத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மலையேறும் ஜீப்பில் இரண்டு அரிசி மூட்டைகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு, அழுகையையும் அடக்கிக்கொண்டு போனாள். அழுகை அடங்கியபோதுதான் புத்தி வேலை செய்தது.

கணக்குக் கேட்கப் போன அன்றைக்கு அவள் தனியாகப் போகவில்லை. அவளுடைய பெரியப்பா சக்கரவர்த்திதான் ஊர்க்கவுண்டர், ஊருக்குத் தலைவர். "காலேஜு வேலைன்னா சும்மாவா, நானே கூட வர்றேன்" என்று தலைப்பாகை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முதலில் தன் வீட்டுக் கணக்கைச் சொன்னார்: ஏழு. அதன்பின் எந்த வாசலில் நின்றாலும், வீட்டுக்காரர் கவுண்டர் முகத்தைப் பார்த்தார், "நமக்கும் அதேதாங்க" என்றார். கவுண்டரைவிடக் கூடச் சொன்னால் திமிர். குறைத்துச் சொன்னால் அவர் பார்த்துக்கொள்கிற ஊருக்கு இழுக்கு. இந்த மரியாதையிலேயே பிறந்து வளர்ந்த ரம்யாவுக்கு அது கண்ணில் உறுத்தவே இல்லை. ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லிவைத்த புண்ணியவான்கள் புள்ளியியல் பரீட்சை எழுதியிருக்க மாட்டார்கள்.

பெரியப்பாவுக்குத் தெரியாமல் போய் மறுபடி கேட்கலாம். ஆனால் அது அவர் முகத்தில் கரி பூசுகிற வேலை. ராத்திரி கஞ்சி குடித்ததும் நேராக அவரிடமே போய் நின்றாள்.

"பெரியப்பா, மறுபடியும் எல்லா வூட்டுக் கணக்கும் வேணும்."

"இன்னாத்துக்கு? நான் சொன்னது பத்தலியா?"

"நீங்க சொன்னதையே எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் வூட்டுக்கே போவாம எழுதிட்டேன்னு மேடம் சொல்றாங்க. பொய்க்காரின்னுட்டாங்க பெரியப்பா."

அதற்கு மேல் பேச முடியாமல் அவள் உடைந்துவிட்டாள். பெரியம்மா மாதம்மாள் புளி தட்டுவதை நிறுத்திவிட்டுப் புருஷனையே பார்த்தாள்.

"இப்ப இன்னா பண்ணணும்ன்ற?" என்றார் பெரியப்பா.

அது புளிக் காலம். எந்த வீட்டில் கால் வைத்தாலும் புளியங்கொட்டைதான் மிதிபடும். ரம்யா யோசனையைச் சொன்னாள். மூட்டைக்கு ஒரு கொட்டை. வீட்டுக்கு ஒரு காகிதம். பேர் எழுத வேண்டாம், வாய் திறக்க வேண்டாம். எல்லாப் பொட்டலமும் ஒரே மாதிரி மடித்து ஒரே கூடையில் விழட்டும்.

"கேட்டியா மாதம்மா, ஓட்டுப் பெட்டி வெச்சிட்டா உன் பொண்ணு" என்றார் பெரியப்பா. சிரித்தாரா, வருத்தப்பட்டாரா என்று ரம்யாவுக்குப் பிடிபடவில்லை. ஆனால் விடிந்ததும் அவரே கூடையைக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரே கூடி நிற்க, ரம்யா பொட்டலங்களைப் பிரித்தாள். மூன்று கொட்டை. ஒன்பது. இரண்டு. பதினாலு வந்தபோது கூட்டத்தில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள். ஏழு ஒரே ஒரு பொட்டலத்தில்தான் இருந்தது. ரம்யாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இதோ விலகல், எந்த மேடம் கேட்டாலும் நீட்டலாம்!

ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

"எவனோ விளையாடிட்டு கீறான். கொட்டை போடாத வூடு யாரு? சொல்லுங்க, வேற பொட்டலம் கட்டிக்கலாம்" என்றாள்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"விளையாட்டு இல்ல கண்ணு" என்றார் பெரியப்பா. "எழுதிக்கோ. சைபர். அது என்னுது."

ரம்யாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"காட்டுப்பன்னி கொல்லையில பூந்து சாமையை மேஞ்சிடுச்சி. ஒரு படிகூட வூட்டுக்கு வரல. ஏழு போன வருசத்துக் கணக்கு. கவுண்டன் வூட்லயே ஒண்ணுமில்லன்னு எந்த வாயால சொல்றது? அதான் சொல்லிட்டேன்."

பன்றி புகுந்தது ஊருக்கே தெரியும். ஹாஸ்டலில் இருந்த ரம்யாவுக்குத்தான் தெரியாது. ஆனால் கவுண்டரே ஏழு என்று சொன்ன பிறகு, பாவம் என்று யார் போய் அவர் எதிரில் நிற்பது? அவர் சொன்ன ஏழு பொய்யாகிவிடக் கூடாதே என்றுதான் மற்ற வீடெல்லாம் அந்த ஏழு மூட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அவர்கள் காட்டிய அன்பிலேயே அந்த மனிதர் பட்டினி கிடந்திருக்கிறார். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பஞ்சாட்சரம் என்கிற பக்கத்துக் கொல்லைக்காரர் தொண்டையைச் செருமினார். "மாமா, அந்தப் பதினாலு என்னுதுங்க. விதைக்கும் சாப்பாட்டுக்கும் நான் ரெண்டு மூட்டை தர்றேன். வேணாம்னு சொல்லிடாதீங்க."

"நான் ஒண்ணு" என்றது இன்னொரு குரல். பெரியப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாரம் இறங்கின முகம் அது. அவரை அப்படிப் பார்த்ததில் ரம்யாவுக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

திங்கட்கிழமை ஜெபகுமாரி மேடம் தாளை வாங்கி வரி வரியாகப் பார்த்தார். கூட்டல் சரி. வர்க்கம் சரி. பொட்டலக் கதையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றார். பிறகு பேனா முனை ஓர் இடத்தில் நின்றது. "இதென்ன, இந்த வீட்டுக்கு சைபர்?"

"வெறும் பொட்டலம் மேடம்."

"யாரோ பதில் சொல்ல இஷ்டமில்லாம வெறும் காகிதம் போட்டிருக்காங்க. அது பதிலே இல்லை. அதை எடுத்துட்டு பத்தொன்பது வீட்டுக்குப் போட்டுக் குடு. இப்பவே மார்க் போட்டுடறேன்."

ஒரு கோடு கிழித்தால் போதும். முட்டையும் போகும், அடுத்த வருடப் பரீட்சையும் போகும். ரம்யா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எடுக்க மாட்டேன் மேடம். மார்க் போடலன்னாலும் பரவால்ல. அது பதில்தான்."

"எப்படிச் சொல்றே?"

"அது எங்க பெரியப்பாவோடதுங்க மேடம். ஊரே பாக்க நின்னு சொன்னாரு."

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தத் தாளைத் திரும்ப வாங்கி, இருபது வீட்டுக்கும் சேர்த்தே மார்க் போட்டார்.