கோமுவின் பத்து நாள்

பூங்கா வாசலில் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. மாலை வேளையில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதியாம். தனியாக வருகிற ஆம்பிளைகளை நிறுத்தி விசாரிப்பதற்கென்றே எபினேசர் என்ற காவலாளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சங்கரசுப்புவிடம் மட்டும் அவர் ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்.

"என்னவே, பிள்ளை வருதா?"

"வருது அண்ணாச்சி."

இதுதான் அவனுக்கு நுழைவுச்சீட்டு. ஆனால் அவன் அதைச் சொல்கிற சத்தத்தில் வெளியே நிற்கும் பானிபூரிக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

அவனைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. இளவட்ட வயதிலிருந்து விசைத்தறிக் கூடத்தில் நிற்கிறவனுக்கு மெல்லப் பேசுவது என்றால் என்னவென்றே மறந்து போகும். ஒரே கூரையடியில் அத்தனை தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார், இன்னாருக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், எல்லாம் உதட்டில்தான். வெளியே வந்தால் அடைத்த காதோடு ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுவார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். 'குழம்புல உப்பு குறையுது' என்று சங்கரசுப்பு சொன்னால் தெருவில் போகிறவர்கள் ஏதோ அடிதடி என்று நின்று பார்ப்பார்கள். போதாக்குறைக்கு முன்கோபம் வேறு. அவன் நிஜமாகவே கத்துகிற நாள் எது, சும்மா பேசுகிற நாள் எது என்று தெரியாமல் மூன்று வயது மகள் அவன் தலையைக் கண்டாலே பீரோவுக்குப் பின்னால் போய் ஒடுங்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் கோகிலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தென்காசியில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். குடித்தான், அடித்தான் என்று சொல்ல ஒன்றுமில்லாததால் சமாதானம் பேச வந்த பெரியவர்கள் பாவம், ரொம்பத் திண்டாடினார்கள்.

கடைசியில் அவர்கள் பேசி முடித்தது இதுதான். அவன் வாசலை அவள் மிதிக்க மாட்டாள். அவள் அண்ணன் வாசலை அவன் மிதிக்க மாட்டான். பிள்ளையைப் பார்க்க மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறிக்கு லீவு நாளில், சங்கரன்கோவில் பூங்கா. யார் வாசலும் இல்லாத பொது இடம். ஆறு வருஷமாக அந்தக் குடும்பம் ஒன்றாகக் கூடுகிற இடம் ஒரு சறுக்குமரமும் இரண்டு ஊஞ்சலும்தான்.

இன்றைக்கு சங்கரசுப்பு வெயில் தாழும் முன்பே வந்துவிட்டான். காரணம் இருந்தது. போன மாசம் அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில், மனசைத் திடப்படுத்திக்கொண்டு கோகிலாவிடம் கேட்டிருந்தான். பெரிய லீவில் ஒரு பத்து நாள் மகள் தன் வீட்டில் வந்து இருக்க வேண்டும் என்று.

"அவ வாரேன்னு சொன்னா கூட்டிட்டுப் போங்க, நான் தடுக்கல," என்றாள் கோகிலா. "ஆனா கட்டாயப்படுத்தக் கூடாது. அவ வாயால சொல்லணும்."

அந்த ஒரு பேச்சை நம்பி மாசம் பூராவும் வீட்டைப் புரட்டிப் போட்டான். சுவருக்கு ரோஸ் பெயின்ட் அடித்தான். கட்டில் வாங்கினான், கொசுவலை வாங்கினான். இத்தனை நாளும் தாழ்ப்பாள் இல்லாமலே ஓடிய குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். பெண்பிள்ளை வருகிற வீடல்லவா. கண்ணாடி முன்னால் நின்று மெல்லப் பேசவும் பழகினான். "கோமு, சாப்பிட்டியா மக்கா?" என்று தன் கணக்குக்கு ரகசியம் போலச் சொல்லிப் பார்ப்பான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு சுப்புலட்சுமி, "யாருண்ணே வந்துருக்கா?" என்று குரல் கொடுப்பாள். யாரும் வரவில்லை என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருக்கும்.

பெஞ்சில் உட்கார்ந்தான். காத்திருக்கும்போது அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. நல்ல பழக்கம் என்று சொல்ல முடியாது. புங்கமரத்தடியில் ஒருவன் மனைவியிடம், கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தான். செல்ஃபி எடுக்கிற இடத்தில் ஒரு புதுப்பெண் தன் புருஷனிடம் வயிற்றை உள்ளே இழுக்கச் சொன்னாள். முறுக்கு வேண்டுமென்று அழுத பையனை அவன் அம்மா, வீட்டுக்கு வா உனக்கு இருக்கு என்று பல்லைக் கடித்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் உதட்டசைவிலேயே அத்தனை வீட்டுப் பேச்சும் இவனுக்குக் கிடைத்தது. இவனோடு பேசத்தான் ஆளில்லை.

அவர்கள் வந்தார்கள். கோகிலா லேசாகத் தலையசைத்துவிட்டு எதிர்ப்பக்கத்து பெஞ்சில் போய், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எப்போதும் அப்படித்தான். அவனோடு குடும்பம் நடத்தியவளுக்கு அவன் கண்ணைப் பற்றித் தெரியும். மகளுக்குத் தெரியாது.

மகள் பெயர் சங்கரகோமதி. எல்லாருக்கும் கோமு. ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்தாள். அவன் பின்னாலிருந்து தள்ளிவிட்டான்.

"பரீட்சை எப்படி எழுதுன?"

"நல்லா எழுதிருக்கேன்ப்பா."

"மாமா வீட்ல எல்லாரும் சொகமா?"

"நல்லாருக்காங்கப்பா."

விருந்தாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் அவள் எப்போதும் பேசுவாள். மரியாதைக்கு ஒரு குறைவும் இருக்காது.

ஊஞ்சலை நிறுத்தி அவள் முன்னால் வந்து குத்தவைத்தான். பழகியபடியே குரலை இறக்கிக் கேட்டான். "லீவுக்கு அப்பா கூட வந்து இருக்கியா மக்கா? பத்தே நாளு. உனக்குன்னு கட்டிலெல்லாம் வாங்கிப் போட்டுருக்கேன்."

இறக்கியதாக அவன்தான் நினைத்துக்கொண்டான். சறுக்குமரத்தில் ஏறிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்று திரும்பிப் பார்த்தன. கோமு சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாட்ட கேட்டுட்டு வாரேன்ப்பா," என்று இறங்கி ஓடினாள்.

அம்மா முன்னால் போய் நின்றாள். கோகிலாவின் தோளுக்கு மேலே மகளின் முகம் முழுசாகத் தெரிந்தது. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கலாம். பெற்றவன் எவனால் முடியும்?

'எனக்கு அங்கன போகப் பிடிக்கலம்மா.'

கோகிலா என்னவோ கேட்டாள். முதுகுதான் தெரிந்தது.

'சேச்சே, அடிக்கல்லாம் மாட்டாரு. எனக்குத்தான் பயமா இருக்கு. ராத்திரி உன்னத் தேடும்.' கோமு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். 'நீ வேண்டாம்னு சொல்லிராதம்மா. அப்பா பாவம். நான் வாரேன்னே சொல்லிருதேன். பத்து நாளுதான? கண்ண மூடிட்டு இருந்துட்டு வந்துருதேன்.'

ஊசி போட வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கு இருக்குமே, அந்த முகம்.

உள்ளதைச் சொன்னால், சங்கரசுப்புவுக்கு ஒரு பேராசை வந்தது. அவள் வாயாலேயே வருகிறேன் என்று சொல்லப்போகிறாள். கோகிலாவால் மறுக்க முடியாது. இவன் செய்ய வேண்டியதெல்லாம் கண்ணில் பட்டதை மறந்துவிடுவதுதான். வந்தால் பழகிவிடுவாள், ரோஸ் சுவரைப் பார்த்தால், கட்டிலைப் பார்த்தால், இரண்டாம் நாளே சிரித்துவிட மாட்டாளா? அந்த ஆசையிலேயே ஊஞ்சல் கம்பியைப் பிடித்தபடி நின்றான். ஆனால் கொசுவலைக்குள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடக்கிற பிள்ளைதான் திரும்பத் திரும்ப மனசில் வந்தது.

கோமு வந்துவிட்டாள். வரும்போதே சிரிப்பைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, நான் லீவுக்கு..."

"ஏ கோமு, ஒண்ண மறந்தே போயிட்டேன் பாத்துக்கோ," என்று அவளை முடிக்க விடாமல் அவன் சொன்னான். "லீவு நேரத்துல தறிக்கு ராத்திரி ஷிப்ட்டும் வாரியான்னு கேட்டுருக்காங்க. நான் வீட்லயே இருக்க மாட்டேன். நீ வந்து தனியா என்ன செய்வ? இந்த வருசம் வேண்டாம், என்ன?"

"நெசமாவாப்பா?"

"நெசமாத்தான்."

"அப்போ நான் வர வேண்டாமா?"

"வேண்டாம் மக்கா."

கோமுவின் முகம் மலர்ந்துவிட்டது. மறைக்கிற வயசா அது? பாய்ந்து வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இந்த ஆறு வருஷத்தில் தானாக வந்து அவள் அவனைக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் முத்தம்கூடக் கொடுத்தாள். அடுத்த மாசம் சீக்கிரமே வந்துவிடுவதாகவும், இருட்டுகிற வரைக்கும் கூட இருப்பதாகவும் அவன் காதுக்குள் வாக்குக் கொடுத்தாள். அவள் தலையில் தேங்காயெண்ணெய் வாசனை. சங்கரசுப்பு கண்ணை மூடிக்கொண்டு அவளை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அவள் நெளிய ஆரம்பித்ததும் விட்டுவிட்டான்.