ஏற்றத்தில் நிற்கும் கார்

கார் இழுவையை விட்டதும் இருளப்பன் ரோட்டைப் பார்க்கவில்லை, தன் வலது காலைத்தான் பார்த்தார். பாதம் எக்ஸலேட்டரின் மேல்தான் இருந்தது. ஆனால் அது அழுத்திக்கொண்டிருந்ததா, சும்மா குந்திக்கொண்டிருந்ததா என்று கேட்டால் அவரால் சத்தியம் பண்ண முடியாது. அதற்குள் கார் இரண்டு தடவை குலுங்கி, ஒரு பக்கம் பள்ளமும் ஒரு பக்கம் ரப்பர் மரமுமாக இருக்கிற அரநாயக்க ஏற்றத்தின் முடக்கு வளைவில் நின்றுபோனது. பின்சீட்டில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ராமச்சந்திரன் மாஸ்டர், மூச்சிரைப்பு வந்த தன் அம்மாவைத் தோளில் சாய்த்தபடி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாமா என்று மெதுவாகத்தான் கேட்டார். இருளப்பனுக்கு அதற்கே சட்டை நனைந்துவிட்டது.

கால்மணி நேரம் கழித்துத் திறப்பைத் திருப்பினால் ஒன்றும் நடக்காத மாதிரி கார் ஸ்டார்ட் ஆனது. அதுதான் கொடுமை. ஒரே மாதத்தில் இது நாலாவது தடவை. ஒரேயடியாகப் படுத்துவிட்டாலும் பரவாயில்லை, இன்ன நோய் என்று தெரிந்துவிடும். இது நினைத்தால் ஓடுகிறது, நினைத்தால் நிற்கிறது.

மாவனெல்லையில் கராஜ் வைத்திருக்கும் கபூர் நானா கை சுத்தமான மெக்கானிக். பிளக் மாற்றினார், காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பெட்ரோல் வடிகட்டியைப் புதிதாகப் போட்டார். ஒவ்வொரு தடவையும் டாங்கியில் இரண்டு லீட்டர் ஊற்றி, தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று பாலம் வரைக்கும் போய் வருவார். கார் வெண்ணெயில் போகிற மாதிரி போகும். மூன்றாம் தடவை இறங்கியபோது கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"கார்ல ஒண்டும் இல்ல அண்ணன். இனி ஓட்டுற ஆளத்தான் கழட்டிப் பாக்கோணும்."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், இருளப்பனும் சிரித்து வைத்தார். ஆனால் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ரத்தத்தில் இருக்கிற சீனி வருத்தம் காலுக்கு இறங்கியிருக்கிறது, உணர்ச்சி குறையும், கவனம் என்று கிளினிக் டொக்டர் சொல்லி ஐந்து மாதமாகிறது. அதை அவர் பெண்சாதி மருதாயியிடம்கூடச் சொல்லவில்லை. பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பாதத்தில் சுடுதண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். சில நாள் சுடும், சில நாள் யாருடைய காலிலோ ஊற்றுகிற மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய மனிதர், வேலையை விட்டபோது கிடைத்ததில் இந்தப் பழைய காரை வாங்கி, தோட்டத்துச் சனத்துக்கு ஹயர் ஓட்டி, 'டிரைவர் அண்ணே' ஆகியிருக்கிறார். அந்தப் பேர் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு எக்ஸலேட்டரை அழுத்தாத கால் நாளைக்கு பிரேக்கை அழுத்துமா என்பதுதான் அவரை அரித்தது. பின்சீட்டில் அடுத்தவன் தாய் உட்கார்ந்திருக்கிறாள்.

கால்தான் காரணமென்றால் நின்ற கார் ஏன் உடனே ஸ்டார்ட் ஆவதில்லை? கார்தான் காரணமென்றால் கபூர் கையில் ஏன் ஒருநாளும் நிற்பதில்லை? இரண்டு பக்கமும் ஞாயம் இருந்தது. யோசிக்க யோசிக்கத் தலைதான் சுற்றியது.

மாஸ்டரையும் அம்மாவையும் ஒருவழியாக ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு நேரே கராஜுக்கு வந்தார். இதுதான் கடைசி, கால் என்று தெரிந்தால் திறப்பைக் கையால் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்.

"நானா, இந்தத் தடவ நான் ஓட்டுறேன். நீங்க இஞ்சினப் பாக்க வேணாம், என் காலை மட்டும் பாருங்க."

கபூர் ஒன்றும் விளங்காமல் ஏறி உட்கார்ந்தார். ஒன்பது மைல் போயிருப்பார்கள். அதே ஏற்றம், அதே குலுக்கல்.

"நல்லா அழுத்தித்தான் ஈக்கிது அண்ணன். அடில முட்டிக்கிட்டு ஈக்கிது."

"இன்னொரு தடவ சொல்லுங்க நானா."

கபூர் திரும்பவும் சொன்னார். இருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர் ஏன் அழுகிறார் என்று தெரியாமல் கபூர் இறங்கிப் பின்னால் போய், என்ன தோன்றியதோ, டாங்கி மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டது. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் நகத்தால் எதையோ சுரண்டினார். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக மூடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, அது அடைத்துக் கிடக்கிறது, அதனால் போகப் போகப் பெட்ரோல் வராமல் கார் நிற்கிறது என்றார். தான் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றிவிட்டு ஓட்டினால் எப்படி நிற்கும் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் நகத்தில் தொங்கிய பழுப்புத் தோல் என்னவென்று இருளப்பனுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்த ரப்பர் பால். ஓட்டை பேசின், கிழிந்த குடை, ஒழுகுகிற பைப், எல்லாவற்றுக்கும் லயத்து வீடுகளில் அதுதானே மருந்து. யார் கை வேலை என்பதும் தெரிந்துவிட்டது.

கபூரைக் கராஜில் விட்டுவிட்டு ஒரு தரமும் நிற்காமல் தோட்டத்துக்கு வந்தார். லயத்துக்குக் கீழே காரை நிறுத்தி, கதவைச் சாத்தக்கூட நேரமில்லாதவராக, சல்லிக்கல் கிடந்த குறுக்குப்பாதையில் விறுவிறுவென்று ஏறினார். மருதாயி வாசலில் ரப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையை விரித்து, கபூரிடமிருந்து வாங்கி வந்த தோலைக் காட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாந்தாங்க பூசுனேன். ஏத்தத்துல பெட்ரோல் கசிஞ்சி நாறுது, ஏறுற சனம் மொகஞ்சுளிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவருக்குக் கோபமே வரவில்லை. அவளைத் தூக்கிச் சுற்றலாம்போல இருந்தது. நோய் காருக்குத்தான், எனக்கில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உங்களுக்கென்ன நோய் என்று அவள் கேட்பாள் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவள் கேட்கவுமில்லை. அவள் பார்வை தரையில் இருந்தது.

"ஏங்க, ஒத்தக் கால்ல செருப்பில்லாமயா இம்புட்டுத் தூரம் ஏறி வந்தீங்க? கல்லு குத்தலையா?"

சிரிப்பு நின்றது. இடது காலில் செருப்பு இருந்தது. வலது குதிகாலில் சேற்றோடு ரத்தம் கலந்து ஒழுகிக்கொண்டிருந்தது. இருளப்பன் மெல்லத் திரும்பிப் பாதையைப் பார்த்தார். கீழே, விரியத் திறந்து கிடந்த கார்க் கதவுக்குப் பக்கத்தில், ஒற்றைச் செருப்பு குப்புறக் கிடந்தது.