பின்னுக்குப் போன இறைச்சிப் பெட்டி

பாலேந்திராவுக்குக் கை நடுங்கியது. முப்பது வருடம் லண்டனில் பஸ் ஓட்டிய கை. மோட்டர்வே ஓரத்துத் தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னே! மோர்டனிலிருந்து கடற்கரைக்குப் புறப்பட்ட வழியில், காருக்குப் பின்னால் கொளுவியிருந்த கரவன் என்ற சக்கர வீடு திடீரென்று இடமும் வலமுமாக ஆடி, காரையும் சேர்த்து இழுத்தால் யாருக்குத்தான் நடுங்காது? பிரேக்கை அமத்தாமல், வேகத்தை மெல்லக் குறைத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடியால் தப்பினார்கள். பக்கத்தில் இருந்த மனைவி சந்திரவதனா செய்த உதவி, "முருகா, முருகா" என்று கத்தியதுதான்.

"கரவனை வித்துப்போடுவம், வதனா. போன வருசத்து வருத்தத்தோட என்ர கை போயிட்டுது. இனிக் கார்த் திறப்பையே தொடமாட்டன்."

போன வருடம் அவருக்கு மெல்லிய பாரிசவாதம். கை தேறி, லைசென்சும் திரும்பக் கிடைத்த பிறகு, மனிசன் ஆசைப்பட்டு வாங்கியது இந்தக் கரவனைத்தான்.

சந்திரவதனாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. நேற்று அவர் சாமான் ஏற்றும்போது படித்துப் படித்துச் சொன்னார்: "பாரமெல்லாம் நடுவில, சில்லுக்கு மேல இருக்கவேணும். பின்னுக்குப் போனால் வால் ஆடும்." அவளும் "ஓம், ஓம்" என்றாள். காலையில் அவர் குளிக்கப் போன நேரம், கரவனின் முன்தட்டில் முருகன் படத்தை வைத்துத் திரும்பினால், கண்ணெதிரே, கடற்கரையில் கூடப்போகும் நாலு குடும்பத்துக்கான ஆட்டிறைச்சிப் பெட்டி! முருகனுக்கு முன்னாலா? சீச்சீ! பெட்டியைக் கரவனின் பின்கோடியில் இருந்த குளியலறைக்குள் இழுத்துவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏச்சு மிச்சம். ஆனால் அந்தக் கையைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"இஞ்சருங்கோ, உங்கட கையில ஒரு பிழையுமில்லை. நான்தான் இறைச்சிப் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளினனான்."

"இறைச்சிப் பெட்டி மட்டுமோ?"

"மீன் பெட்டியும்... சோறு காய்ச்சிற பெரிய கிடாரமும்."

அவர் இறங்கிப்போய்க் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார்.

"விசரி! ரெண்டு பேரும் செத்திருப்பமே!"

"ஓம், விசரிதான். நல்லா ஏசுங்கோ."

அவர் கையை விரித்து மடக்கிப் பார்த்தார்.

"அப்ப... கை நல்லாத்தான் இருக்குதோ?"

"நல்லா இருந்தபடியால்தான் நான் உயிரோட நிண்டு ஏச்சு வாங்கிறன்," என்றாள்.

இருவருமாகப் பெட்டிகளைச் சில்லுக்கு மேல் கொண்டுவந்து பட்டியால் கட்டினார்கள். மிஞ்சியது முருகன். இறைச்சிக்குப் பக்கத்தில் அவரை விட ஏலாது. சந்திரவதனா படத்தைத் தூக்கிவந்து, காரின் முன்சீற்றில் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மோட்டர்வேயில் திரும்பவும் ஐம்பது மைல் வேகம். பெரிய லொறி ஒன்று உரசுவதுபோல் கடந்து போனது. அவள் முருகன் படத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கரவன் சொன்ன சொல் கேட்டு நேராகவே வந்தது.

"வதனா, என்ர கையைப் பார்!" ஒரு கையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். துளி நடுக்கம் இல்லை.

"பாத்திட்டன், பாத்திட்டன்! ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடிச்சு ஓடுங்கோ!"