காலி வீதியில் அண்ணி

என் அண்ணனுக்குக் காலி இடம் என்றாலே ஆகாது. கடைப் பலகை எழுதினால் எழுத்துக்கு நடுவே ஒரு பூ, பூவுக்குப் பக்கத்தில் ஒரு வண்டு என்று இண்டு இடுக்கு விடாமல் நிரப்பிவிடுவார். தொழிலில் அவருக்கு வைத்த பெயரே 'இண்டு இடுக்கு'தான். அப்படிப்பட்டவரிடம் போய், புகைப்படம் பிறந்த காலத்துப் பிரபலமான படங்களை ஆளுயரத்துக்குக் கையால் வரைந்து தரச் சொன்னார் அருங்காட்சியகத்து மேடம். அசல்கள் கையகலம்தானாம், கண்காட்சியில் தூர நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாதாம்.

சாம்பல் நிறம் குழைப்பதும் பின்னணி பூசுவதும் என் வேலை. அண்ணனின் அட்டகாசத்தைச் சரிக்கட்டும் வேலை யாரும் சொல்லாமலே என் தலையில் விழுந்தது. பாயும் குதிரையின் படத்தில், நாலு காலும் தரையில் படவில்லையே, விழுந்துவிடும் பாவம் என்று ஒரு காலை ஊன்ற வைத்திருந்தார். அந்தக் குதிரை பேர் வாங்கியதே அந்தரத்தில் நின்றதால்தான். சத்தம் போடாமல் காலைத் தூக்கிவிட்டேன்.

அப்புறம் நான் சளி பிடித்துப் படுத்தேன். அந்த இடைவெளியில் வீதிப் படத்தை முடித்துவிட்டார். அசலில் நீண்ட வீதி, வரிசையாக மரங்கள், மாடி வீடுகள். ஆள் நடமாட்டமே கிடையாது. மூலையில் ஒருவர் மட்டும் காலைத் தூக்கி வைத்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார். நான் எழுந்து வந்து பார்த்தால் படத்தில் சந்தை கூடியிருந்தது. வண்டிகள், தொப்பிக்காரர்கள், கூடைக்காரிகள், சண்டை போடும் இரண்டு நாய்கள்.

"என்ன அண்ணா இது?"

"பட்டப்பகல்ல இவ்வளவு பெரிய தெரு காலியாவா கிடக்கும்? போட்டோ எடுத்தவன் சோம்பேறி, விட்டுட்டான்."

கூட்டத்தின் நடுவே, ஒரு மரத்தடியில், கையில் பாத்திரத்தோடு ஒருத்தி நின்றாள். உடுப்பு அந்தக் காலத்து உடுப்பு. ஆனால் யாரையோ அதட்டுவதற்காகக் கழுத்தைத் திருப்பியிருந்த விதம் சாட்சாத் அண்ணிதான். ஓடிப்போய் அண்ணியைக் கூட்டி வந்தேன்.

இத்தனை வருஷத்தில் அண்ணன் தன் மனைவியை வரைந்ததே இல்லை. சோப்பு விளம்பரத்துக்காக ஊரிலுள்ள அழகிகளை எல்லாம் சிரிக்க வைத்த கை அது. அண்ணி இதை வாய்விட்டுச் சொன்னதில்லை, பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் சொல்லுவார். அன்று படத்தின் முன்னால் நின்று ஈரக் கையைத் துடைத்தபடி, "மூக்கு கொஞ்சம் பெருசு," என்றார். முகமெல்லாம் பூரிப்பு. அன்று முழுக்கத் துடைப்பம் தேடி, கத்தரிக்கோல் தேடி என்று ஏதாவது சாக்கில் பட்டறைக்குள் வந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் மேடம் வந்தார். வந்தவர் வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாருங்க இவங்கள்லாம்?"

"தெருவுல போறவங்க மேடம்," என்றார் அண்ணன்.

"போறவங்கதான், அதான் பிரச்சனையே. அந்தத் தெருவுல நெஜமாவே ஜனங்க இருந்தாங்க. ஆனா இது குதிரைப் படத்துக்கு நாப்பது வருஷம் முந்தினது, அப்ப ஒரு படம் பதியப் பல நிமிஷம் ஆகும். நடமாடினவங்க யாருமே விழல. பாலிஷ் போட நின்னவர் மட்டும் விழுந்துட்டார். இந்தப் படத்தோட கதையே அதுதான். தயவு செஞ்சு எல்லாரையும் எடுத்துடுங்க."

கதவோரம் நின்ற அண்ணி கேட்டார்: "அப்ப ஓயாம வேலை பாக்கிறவங்க இருந்தும் இல்லாத மாதிரிதானா?"

"கேமராவுக்கு அப்படித்தாங்க."

"கேமராவுக்கு மட்டுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பாத்திரங்கள் உரக்கப் பேச ஆரம்பித்தன.

அண்ணன் கூட்டத்தைக் கலைக்கத் தொடங்கினார். "கொஞ்சம் நகருங்க, மன்னிச்சுக்கோங்க," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லித்தான் சாம்பலைப் பூசினார். நாய்களிடம் வந்தபோது மூக்கை உறிஞ்சினார். கடைசியில் அண்ணி மட்டும் மிச்சம். தூரிகையைக் கொண்டுபோவார், திரும்பக் கொண்டுவருவார்.

"நீ பூசிடேன்," என்று என்னிடம் நீட்டினார்.

"உங்க பொண்டாட்டி, உங்க பாடு. என்னை மாட்டி விடாதீங்க."

எனக்கும் மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. அவர் கண்ணை மூடிக்கொண்டு மெல்லிசாக ஒரே ஒரு பூச்சுப் பூசினார். அன்று அண்ணி துடைப்பம் தேடிக்கூடப் பட்டறைப் பக்கம் வரவில்லை.

மேடம் மறுபடி வந்தபோது அண்ணி அவருக்குக் காபி போட அடுப்பில் பால் வைத்துவிட்டு, படத்தின் பக்கம் பார்க்காமல் கதவோரம் நின்றார். மேடம் வீதியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். மரத்தடிக்கு வந்ததும் குனிந்தார்.

"இது என்ன, புகை மாதிரி ஒண்ணு?"

அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"பாதி நேரம் நின்னாங்க மேடம். அப்புறம் அடுப்புல பால் வெச்சது ஞாபகம் வந்து போயிட்டாங்க."

மேடம் படத்தைப் பார்த்தார், கதவோரம் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஆள் கறார்.

"அசல்ல இல்லாதது நகல்லயும் இருக்கக் கூடாதுங்க. எனக்கு வேற ஒண்ணு வரைஞ்சு குடுங்க. நாள் தர்றேன்."

"அப்ப இது?"

"இது உங்க வீட்டோட இருக்கட்டும்."

அண்ணன் ஒரு நொடி யோசித்தார். "நம்ம வீட்டுப் படத்துல அப்புறம் எதுக்குப் புகை?" என்று தூரிகையைத் துடைத்தார். "இங்க வா. படத்துல முன்ன நின்ன மாதிரியே நில்லு. அசையக் கூடாது."

"இப்பவா? பால் இருக்குங்க."

"நான் பாத்துக்கறேன் அண்ணி," என்று கிளம்பினேன்.

"நீ எங்கயும் போகாத. மூக்கைச் சின்னதாப் போடறாரான்னு பாரு."

சுவரோரம் போய் நின்று கழுத்தைத் திருப்பினார். அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், நிறத்தைத் தொட்டார், மறுபடி பார்த்தார். அடுப்பிலிருந்து புஸ்ஸென்று சத்தம் வந்தது. தீய்ந்த வாசனை பட்டறை வரைக்கும் வந்தது. மேடம் என்னைப் பார்த்தார். அண்ணனின் கை நின்றது.

"பால்..." என்றார்.

"வரைங்க," என்றார் அண்ணி, உதடு அசையாமல்.