பூட்டாத திரைக்கு ஒரு கேக்

எங்கள் அலுவலகத்தில் கணினியைப் பூட்டாமல் காபி எடுக்கப் போனால் மறுநாள் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். நீங்கள் திரும்புவதற்குள் யாராவது உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் பெயரிலேயே, "நாளைக்கு என் கேக்" என்று மொத்த ஆபீசுக்கும் மெயில் தட்டிவிடுவார்கள். எங்கள் ஆர்ஹுஸ் நகரத்தில் மட்டுமல்ல, டென்மார்க் முழுக்க இந்தக் கூத்து உண்டு. பாதுகாப்புப் பயிற்சி என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் ஓசியில் கேக் தின்கிற ஆசைதான்.

பிரவுசரில் என்னென்ன பக்கங்கள் திறந்திருக்கின்றன என்று ஏஐ உதவியாளருக்கு எடுத்துக்கொடுக்கும் ஒரு சின்னக் கருவியை எங்கள் குழு செய்துகொண்டிருந்தது. அதில் பாதிக்கு மேல் என் வேலை. அடுத்த பதிப்புக்கு யார் தலைமை என்று வெள்ளிக்கிழமை அறிவிப்பதாக இருந்தார்கள். "உனக்குத்தான் விபெகே, வேற யாரு" என்று மேலாளர் அஸ்கர் வாய்விட்டே சொல்லியிருந்தான். அடுத்தவர்கள் விட்ட ஓட்டைகளை வருஷக்கணக்காக அடைத்தவள் நான். அந்தப் பதவி எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும்.

கருவி ஒவ்வொரு தடவையும் ஆளைக் கேட்டுவிட்டுத்தான் பக்கங்களைப் பார்க்க வேண்டும் என்று நான் சண்டை போட்டேன்.

"பக்கத்தோட தலைப்பு மட்டும் தெரிஞ்சா போதும் அஸ்கர், ஒரு ஆளோட வீட்டு விஷயம் பூரா வெளியே வந்துடும்."

"அப்படி என்னத்த ஒளிச்சு வச்சிருக்கே நீ? ஒரு தடவை சரின்னுட்டா போதாதா? சும்மா சும்மா கேட்டா ஜனங்க எரிஞ்சு விழறாங்க."

ஒவ்வொரு தடவையும் கேட்பதை எடுத்துவிட்டு, ஒரே ஒரு தடவை "சரி" வாங்கினால் போதும் என்று வைத்துவிட்டார்கள். சோதனைக்காக என் கணினியில் நானே "சரி" என்று அழுத்தி வைத்தேன்.

அந்த வாரம் என் தம்பி பல்லே போன் செய்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கையில் நடுக்கம் என்று டாக்டரிடம் போனவனுக்குப் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார்கள்.

"அக்கா, பசங்ககிட்ட நான்தான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை உக்காத்தி வச்சு சொல்லப்போறேன். அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"விடமாட்டேன்டா," என்றேன்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்காகச் சில பக்கங்களைத் திறந்து படித்தேன். மேலே படிக்க முடியவில்லை. காபி எடுக்க எழுந்தேன். திரையைப் பூட்டவில்லை.

என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன் மால்தே, எங்கள் குழுவின் கோமாளி. மெயிலில் நாலு வரி தட்டவும் அவனுக்குச் சோம்பல். உதவியாளரிடமே சொல்லிவிட்டான்: விபெகே பேரில் ஒரு கேக் மெயில் எழுது, அவள் என்னென்ன திறந்து வைத்திருக்கிறாள் என்று பார்த்துச் சேர், சிரிப்பாக இருக்கட்டும். வந்ததைப் படிக்காமல் அனுப்பினான்.

"நாளைக்கு என் கேக்! இப்போது நான் படித்துக்கொண்டிருப்பவை: ரை மாவு ரொட்டி புளிக்காமல் போவது ஏன், பார்க்கின்சனின் தொடக்க அறிகுறிகள், பார்க்கின்சனோடு எவ்வளவு காலம் வேலை பார்க்கலாம், நோயை வேலையிடத்தில் எப்போது சொல்வது. ஆகவே நண்பர்களே, கேக்கைத் தள்ளிப்போட வேண்டாம்!"

காபியோடு திரும்பினேன். ஒருவரும் தலை நிமிரவில்லை. மால்தே மட்டும் வெளுத்துப்போய் நின்றான்.

"படிக்காம அனுப்பிட்டேன் விபெகே. சத்தியமா."

மெயிலைப் பார்த்தேன். "இது எனக்கில்லே."

"சரி."

"எனக்கில்லேன்னா எனக்கில்லே."

"அதான் சரிங்கிறேனே," என்றான், ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் நின்று பேசுகிற குரலில். யாருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. தம்பிக்குக் கொடுத்த வாக்கை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அஸ்கர் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். எங்கள் ஊரில் கதவைச் சாத்திவிட்டு யாரும் நல்லது சொல்வதில்லை.

"அடுத்த பதிப்புக்குத் தலைமையை நம்ம குழு சிக்னே பாத்துக்கட்டும். நீ உடம்பைப் பாரு."

"என் உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"எங்ககிட்ட நீ தைரியமா இருந்து காட்ட வேண்டாம் விபெகே."

அவன் முகத்தில் இருந்த இரக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்ட எண்ணம் இருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். இரக்கப்படுகிறவனிடம் என்ன சண்டை போடுவது? பதவி கை நழுவுகிறது என்கிற பதற்றத்தில் சொல்லிவிட்டேன்.

"நோய் என் தம்பிக்கு. பல்லேவுக்கு. போதுமா?"

அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எங்கப்பா குடியை விடணும்னு டாக்டர்கிட்ட போனப்ப, 'என் நண்பன் ஒருத்தன் குடிக்கிறான்'னுதான் ஆரம்பிச்சாராம்," என்று மெதுவாகச் சொன்னான். "நேரம் எடுத்துக்கோ."

மதியம் கேக்கை மேசையில் வைத்தேன். மேலே தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் உருகிய கேக், என் கையால் செய்தது. கோபத்தில் எனக்குக் கை நடுங்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கத்தியை எடுத்தேன். கத்தி தட்டில் பட்டுக் கடகடவென்றது. அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள், பிறகு ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"கொடு, நான் வெட்டறேன்," என்று சிக்னே என் விரல்களிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. பல்லே.

"உங்க மேலாளர் கூப்பிட்டார். அவசரத்துக்குன்னு நீ என் நம்பரைத்தானே கொடுத்து வச்சிருக்கே. உனக்கு பார்க்கின்சனாம், நான் பாத்துக்கணுமாம். ஒத்துக்க மனசில்லாம அந்த நோய் தம்பிக்குன்னு சொல்லிட்டு இருக்கியாம்."

"பல்லே, கேளு..."

"ஸ்கூல்லருந்து பசங்களைக் கூட்டிட்டு வந்துட்டிருந்தேன். வண்டி ஸ்பீக்கர்ல பேசினார்க்கா."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"பெரியவ என் கையையே பாக்கிறா," என்று சொல்லி வைத்துவிட்டான்.

திரும்பினால், அஸ்கர் எனக்கென்று பெரிய துண்டாக எடுத்துவைத்த தட்டோடு நின்றான்.

"உன் தம்பிகிட்ட பேசிட்டேன்," என்றான். "இனிமே நீ தனியா கிடந்து அல்லாட வேண்டாம்."