சுண்டலுக்கு ஒரு நற்சான்று

நந்தினி சென்னையில் பதினான்கு வீடு பார்த்துவிட்டாள். வயிற்றில் ஆறு மாதக் குழந்தையோடு, புருஷன் பிரசாத்தின் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு பார்த்த வீடுகள். ஒரு வீட்டில் பொமரேனியன் என்றால் சரி, நாட்டு நாய் கூடாது என்றார்கள். இன்னொரு வீட்டில் எந்த நாயாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் கறி சமைக்கிறவர்களுக்கு வீடு இல்லை என்றார்கள். விளம்பரத்தில் 'பெட் ஃப்ரெண்ட்லி' என்று போட்டிருந்த ஒரு வீட்டில் விசாரித்தால், மீன் தொட்டி வைத்துக்கொள்ளலாமாம்.

இத்தனை அலைச்சலும் அவள் அப்பா ராஜமாணிக்கத்துக்காக. அரசு பஸ் டிரைவராக இருந்து நான்கு மாதத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றவர். தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வருவதுதான் முறை. அம்மா சரசு இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. அதனால் அப்பா பெண்ணிடம் போவதென்று முடிவானது. போனால் திரும்பி வருகிற மாதிரி இல்லை, அங்கேயேதான். அவர் வருவதென்றால் சரசு வளர்த்த நாயும் வர வேண்டும். நந்தினி இப்போது இருக்கும் அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதியில்லை.

பதினைந்தாவது வீட்டைப் பார்த்த அன்று சாயங்காலம் போன் செய்தாள்.

“அப்பா, ஒருத்தர் ஒத்துக்குவாரு போல இருக்குது. நங்கநல்லூர்ல. மூணாவது மாடி. செழியன்னு பேரு. ஆனா ரெண்டு காயிதம் கேக்கறாரு.”

“இன்னா காயிதம்?”

“தடுப்பூசி போட்ட அட்டை ஒண்ணு. அப்புறம் நீங்க இப்ப இருக்கற வீட்டு ஓனர் கிட்டயிருந்து ஒரு லெட்டர். நாயால தொந்தரவு இல்லைன்னு.”

ராஜமாணிக்கம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

“பச்சையம்மா அக்கா கிட்டயா? அது நடக்கற காரியமாம்மா?”

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் பச்சையம்மாளின் வீடு. முன்பக்கம் அவள் இருந்தாள். பின்பக்கப் போர்ஷனில் பத்தொன்பது வருடமாக ராஜமாணிக்கம் குடும்பம். அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு ரூம் விட்டு, மாடி எழுப்பி, வாசலில் காபிக் கடை வைத்துவிட்டன. பச்சையம்மாள் மட்டும் எதையும் மாற்றவில்லை. அந்த வீட்டுக்கு இரண்டே சட்டம். கேட்டைச் சாத்தாமல் போகக் கூடாது. நாய் பூனை வளர்க்கக் கூடாது.

நந்தினி காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன வாரத்தில் பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டமெல்லாம் கலைந்துபோன மறுநாள் காலையில், பாதையோரம் குவிந்திருந்த தொன்னைகளுக்கு நடுவே ஒரு செவலை நாய்க்குட்டி முகமெல்லாம் சுண்டல் ஒட்டிக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. சரசு அதைக் காய்கறிப் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டாள். பதினோரு நாள் குளியலறையில் ஒளித்து வைத்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் அது தானே வெளியே வந்து, பச்சையம்மாளின் செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடியது.

அதன்பிறகு மாதா மாதம் ஒரே பேச்சு. வாடகை கொடுக்கப் போகும்போது, “நாய் எப்பம்மா போவுது?” என்பாள் பச்சையம்மாள். “அடுத்த மாசம்க்கா” என்பாள் சரசு. ஒன்பது வருடம் இப்படியே ஓடியது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு சொன்னதாக ராஜமாணிக்கத்துக்கு ஞாபகமில்லை. சண்டை போட்டதாகவும் ஞாபகமில்லை.

அட்டை முதலில் கிடைத்தது. பீரோவில் சரசுவின் புடவைகளுக்கு அடியில், நந்தினியின் பழைய மார்க் ஷீட்டுகளோடு ஒரே பையில் இருந்தது. கால்நடை ஆஸ்பத்திரி முத்திரை வருடா வருடம் தவறாமல் விழுந்திருந்தது. மேலே சரசுவின் குண்டு எழுத்து: 'சுண்டல், த/பெ. ராஜமாணிக்கம், டிரைவர்.'

அவருக்குச் சிரிப்பு வந்தது. மருந்துச் சீட்டு எழுதும் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் இதை எழுதியிருப்பாள். அந்தப் பையை மூடாமல் வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முன்பக்கம் போனார். பச்சையம்மாள் கண் ஆபரேஷன் செய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முறத்தில் வேர்க்கடலையைக் கை வைத்துத் தடவிச் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார்.

“ஏம்பா டிரைவரு, நான் எப்பப்பா அந்த நாய வச்சிக்கச் சொன்னேன்? சொல்லாத ஒண்ணுக்கு எப்பிடிக் கையெழுத்து போடறது?”

“சொன்னீங்கன்னு எழுத வேணாம்க்கா. தொந்தரவு இல்லைன்னு ரெண்டு வரி போதும்.”

“தொந்தரவு இல்லையா? அது பொய்யில்ல?” முறத்தைத் தள்ளி வைத்தாள். “பேப்பர எடுத்துனு வா. எனக்குக் கண்ணு தெரியல, நீயே எழுது. ஆனா நான் சொல்றத சொல்றபடி எழுதணும். நீயா ஒண்ணும் சேக்கக் கூடாது.”

ராஜமாணிக்கம் பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தார். டெப்போவில் விபத்து அறிக்கை எழுதிய கை. அந்தத் தமிழ்தான் வந்தது.

“மொதல்ல, என் கனகாம்பரச் செடிய மூணு வாட்டி தோண்டிப் போட்டுச்சு.”

“மேற்படி நாய் கனகாம்பரச் செடியை மூன்று முறை தோண்டியது” என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

“அது இன்னா மேற்படி?”

“ஆபீஸ் தமிழ்க்கா.”

“இருக்கட்டும். காஸ் சிலிண்டர் போடறவன கேட் கிட்டயே நிறுத்திடும். உள்ள வுடாது. ஆனா கடிச்சது கெடயாது, அதையும் எழுது. இட்லி மாவு குண்டான ஒருநாள் நக்கி வச்சிடுச்சு. உன் பொண்டாட்டி அன்னிக்கே எனக்கு வேற மாவு ஆட்டிக் குடுத்துட்டா. அதையும் எழுது.”

எழுதினார். வாசலில் சுண்டல் தன் பெயர் அடிபடுவது தெரியாமல், வெயில் விழுந்த இடத்தில் நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது.

“சாப்பாடு விஷயம் எழுது. சரசு போனப்புறம் நீ காலைல நாலு மணிக்கு சோத்த வச்சிட்டு டூட்டிக்குப் போயிடுவியே, அத அது தொட்டதில்ல. எறும்புதான் தின்னுச்சு.”

பேனா நின்றது. “தட்டு தினம் காலியாத்தானே இருக்கும்க்கா?”

“கழுவி வச்சவ நான். அது எங்கூட்டு வாசப்படி கிட்ட வந்து உக்காந்துக்கும். போன்னு சொன்னா போவாது. நான் எதைச் சாப்பிட்டாலும் அதுல கொஞ்சம் போடுவேன். இன்னா பண்றது?”

அவர் 'மேற்படி நாய்க்கு வீட்டு உரிமையாளர் இரண்டு வருடம் உணவளித்தார்' என்று எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது.

“அப்புறம், இடி இடிச்சா ஊளை வுடும். அக்கம்பக்கத்துக்கு எடைஞ்சல். எழுதிக்கோ.”

“இல்லியே அக்கா. போன வாரம் அந்த மழைக்கு, அவ்ளோ இடிக்கு, என் கட்டிலு அடியில நல்லா தூங்கினு இருந்துச்சே.”

பச்சையம்மாள் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எங்கே பார்க்கிறாள் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஒரு கடலையை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்ப அது வேணாம். அடிச்சுடு. பயந்தது அது இல்ல.”

“பின்ன யாரு?”

“உனக்குத் தெரியாதா டிரைவரு? சரசுக்கு இடின்னா உசுரே போயிடும். பொண்ணு இருந்த வரைக்கும் பொண்ண இழுத்துப் பக்கத்துல போட்டுக்கும். பொண்ணு ஹாஸ்டல் போச்சா, அப்புறம் இத கட்டிப் புடிச்சிக்கினு உக்காந்திருக்கும். காலைல எங்கிட்ட வந்து, 'ராத்திரி ஃபுல்லா நாய் பயந்துச்சுக்கா, அதான் லைட்ட அணைக்கல'ன்னு சொல்லும். நானும் ஆமான்னுடுவேன்.”

முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவர் ராஜமாணிக்கம். அதில் பாதி ராத்திரி அவர் வெளியூர் டெப்போவில் படுத்தவர். ஊரில் இருந்த நாட்களில் இடி இடித்திருக்காதா? இடித்திருக்கும். அவர் பக்கத்தில் இருந்ததால் அவள் பயப்படாமல் இருந்திருப்பாள். அதனால் அவருக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

ஒரு ராத்திரி கோயம்பேட்டில் அவர் படுக்கப் போகும் நேரத்துக்கு அவள் போன் செய்தது ஞாபகம் வந்தது. “இங்க செம மழைங்க. நாய் பயப்படுது. கொஞ்ச நேரம் பேசிக்கினு இருங்களேன்.” அதற்கு அவர், “நாய்க்காக நான் முழிச்சிக்கினு இருக்கணுமா? காலைல மொத சிங்கிள் பஸ்ஸ எடுக்கணும்டி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். காலையில் அதை மறந்தும் போனார். இத்தனை வருடம் கழித்து இந்த வாசலில் அந்தக் குரல் அப்படியே கேட்டது. 'இருங்களேன்' என்று அவள் இழுத்த இழுப்புகூட.

“எழுதறியா, இல்ல அழுவறியா?” என்றாள் பச்சையம்மாள்.

“எழுதறேன்க்கா.”

“கடைசியா எழுது. இந்த நாய வச்சிக்க நான் ஒருநாளும் சம்மதிக்கல. ஆனா இது போயிட்டா சாயங்காலத்துல கேட் கிட்ட நிக்கறதுக்கு யாரும் கெடயாது. அவ்ளோதான். கொண்டா, எங்க கையெழுத்து போடணும்னு வெரல வச்சிக் காட்டு.”

கடிதத்தைப் படம் எடுத்து நந்தினிக்கு அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. எடுத்ததும் அவள் சிரிப்புதான் கேட்டது. மேற்படி, மேற்படி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் சத்தம் நின்றது.

“அம்மா என்னிய இழுத்துப் பக்கத்துல போட்டுக்கும்ப்பா. ஆமாம். எனக்குத்தான் பயம்னு எல்லார்கிட்டயும் சொல்லும். நானும் அப்படியே நெனச்சிக்கினு இருந்தேன்.”

அடிக்கச் சொன்ன வரியை அவர் அடித்திருந்தார். ஆனால் பச்சையம்மாள் அதற்குப்பின் சொன்னதையும் தன்னை அறியாமல் எழுதிவிட்டிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“வேற எழுதித் தரட்டுமாம்மா? ரெண்டே வரியில?”

“வேணாம்ப்பா. இதையே அனுப்பறேன். கெடைக்கலன்னா பதினாறாவது வீடு பாத்துக்கலாம்.”

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பச்சையம்மாள் பின்பக்கம் வந்து கதவைத் தட்டினாள். கையில் போன், ஸ்பீக்கரில். யாரோ மெட்ராசிலிருந்து பேசுகிறார் என்றாள். செழியன்தான். கடிதத்தில் கையெழுத்துக்குக் கீழே எழுதியிருந்த அவள் நம்பருக்கு நேராகவே கூப்பிட்டிருக்கிறார்.

“அம்மா, நாய் எப்படின்னு கேக்கலாம்னு...”

“அதெல்லாம் எழுதியாச்சு. நீங்க சொல்லுங்க. பகல்ல அந்த வீட்ல வெயில் வருமா? அதுக்குக் காலைல வெயில்ல படுக்கணும்.”

“பால்கனி இருக்குதும்மா. கிழக்கு பாத்தது.”

“கம்பி போட்டிருக்கா? வுழுந்துடப் போவுது. அக்கம்பக்கத்துல அடிக்கிற மனுஷங்க யாரும் இல்லியே? தயிர் குடுக்கக் கூடாது, அதுக்கு சளி புடிச்சுக்கும். வயசு பதினொண்ணு ஆவுது.”

அந்தப் பக்கம் செழியன் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், “இதுக்கு முன்னாடி வீடு கேட்டு வந்தவங்க எல்லாம் நாய் குரைக்காது, எதையும் தொடாதுன்னு எழுதிக் குடுத்தாங்கம்மா. நம்பவே முடியல. உங்க லெட்டரை எங்க வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். அவங்களை வரச் சொல்லுங்க” என்றார்.

பச்சையம்மாள் போனை ராஜமாணிக்கத்திடம் நீட்டினாள். “எப்பிடி அணைக்கறது இத?” என்றாள். அணைத்துக் கொடுத்ததும் முன்பக்கம் போய்விட்டாள்.

கிளம்பிய அன்று குமரேசன் தன் குட்டியானை வண்டியைச் சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் ராஜமாணிக்கத்தோடு பல வருடம் கண்டக்டராக இருந்தவரின் மகன். சாமான் அதிகமில்லை. பீரோ, கட்டில், சரசுவின் தையல் மெஷின், இரண்டு மெத்தை. சாவியை வாங்கிக்கொண்ட பச்சையம்மாள் ஒரு மஞ்சப்பையைக் கொடுத்தாள். வறுத்த கடலை, நந்தினிக்கு.

“பிள்ள பொறந்தா போன் பண்ணு. பேசறது யாருன்னு மொதல்ல சொல்லு, எனக்குக் குரல் புடிபடாது.”

“சரிக்கா. உடம்ப பாத்துக்கோங்க. சொட்டு மருந்த மறந்துடாதீங்க.”

சுண்டல் வண்டியில் ஏற மறுத்தது. குமரேசன் பிஸ்கட் காட்டிப் பார்த்தான், தூக்கிப் பார்த்தான். அது முன் வாசலுக்கு ஓடிப்போய் பச்சையம்மாளின் காலடியில் உட்கார்ந்துகொண்டது. அவள் குனிந்து அதன் தலையில் கை வைத்தாள். பதினோரு வருடத்தில் அவள் அதைத் தொட்டு ராஜமாணிக்கம் பார்த்ததேயில்லை. ஆனால் காதுக்குப் பின்னால் எந்த இடத்தில் சொறிய வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

“போ. போய் ஏறு” என்றாள்.

ராஜமாணிக்கம் யோசித்துவிட்டு, முன் சீட்டுக் கதவைச் சாத்தினார். பின்பக்கம் ஏறி, சுருட்டி வைத்த மெத்தை மேல் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினார். சுண்டல் அவரையும் பச்சையம்மாளையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் எழுந்து வந்து ஒரே தாவலாகத் தாவி ஏறியது. வண்டி சந்தை விட்டு வெளியே வரும்வரை அது பின் பலகையில் முன்னங்கால்களை வைத்து நின்றது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே பச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்ததை அவரும் பார்த்தார்.

ஊரைத் தாண்டியதும் மலை முழுசாகத் தெரிந்தது. இந்த ரோட்டில் அவர் ஓட்டாத நாளில்லை; ஆனால் எப்போதும் முன்னால் பார்த்து ஓட்டிய ரோடு. முதுகுக்குப் பின்னால் மலை இத்தனை தூரம் கூட வரும் என்று அவர் கவனித்ததில்லை. நெல் வயல்களுக்கும் கடலைக் கொல்லைகளுக்கும் மேலே, போகப் போகச் சிறுத்துக்கொண்டு, ஆனால் போகாமல் அது நின்றது.

கீழ்பென்னாத்தூரில் குமரேசன் டீக்கு நிறுத்தினான். பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். சுண்டல் அவர் பாதத்தின் மேல் மோவாயை வைத்துக் கண்ணை மூடியிருந்தது.

“தூங்கிடுச்சு. நீங்க முன்னாடி வந்து உக்காருங்க சார். இடுப்பு வலி ஜாஸ்தியாயிடப் போவுது.”

“வரேன்பா. மலை மறையட்டும்” என்றார் ராஜமாணிக்கம். டீயை அங்கேயே வாங்கிக் குடித்தார்.