சகலையின் சேறு

உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அவர் பல்லுக்காரர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பீங்கான் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போக, ஒரே பல்லில் ஐந்து அடுக்கு ஏற்றுகிற கை. அந்தக் கையை வீட்டிலும் சும்மா வைக்கத் தெரியாமல், பன்னிரண்டு வருஷமாகப் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் குட்டி ரேலிக் கார்கள் செய்துவந்தார். காட்டிலும் மலையிலும் மண்பாதையில் பறக்கிற பந்தயக் கார்கள், அசலில் இருபத்து நாலில் ஒரு பங்கு அளவில். அவருடைய கண்ணாடி அலமாரியில் பத்தொன்பது கார்கள் நின்றன. ஒன்றிலும் ஒரு விரல் ரேகைகூடக் கிடையாது.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு, முழங்கால் வரை மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார்.

“என் உயிரை வாங்கறார்க்கா. நான் குழம்புல உப்புப் போடறதைக்கூட எட்டிப் பாக்கறார்” என்று தங்கை போனில் புலம்பினாள்.

“உங்ககிட்டதான் பிரிக்காத கார்ப் பெட்டி அவ்வளவு கிடக்கே, ஒண்ணைக் குடுத்தா என்ன?” என்றாள் பல்லுக்காரரின் மனைவி.

கொடுத்தார். இருப்பதிலேயே மட்டமான, பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாத பெட்டியாகப் பார்த்துத்தான் கொடுத்தார். ஆனாலும் பெரிய தர்மம் செய்துவிட்ட மாதிரி மனசு நிறைந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை இருவரும் பார்க்கப் போனார்கள். சகலை முகமெல்லாம் சிரிப்பாக, ஜன்னலோரம் இருந்த காரை எடுத்து நீட்டினார். பல்லுக்காரர் கண் முதலில் குறைகளுக்குத்தான் போனது. ஒரு கதவு தூக்கிக்கொண்டு நின்றது. ஜன்னல் கண்ணாடியில் பசை வழிந்திருந்தது. ‘அதானே’ என்று உள்ளுக்குள் ஆசுவாசமாக இருந்தது.

“ஒட்டறது ரெண்டே நாள்ல முடிஞ்சுதுண்ணே. இந்தச் சேத்துக்குத்தான் மாசக்கணக்கா ஆகும்போல இருந்துச்சு” என்று சகலை காரைத் திருப்பினார்.

பல்லுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

சக்கரம் வாரி அடித்த சேறு, கதவோரம் பின்பக்கமாகச் சாய்ந்து தெறித்திருந்தது. அடியில் ஈரமாகக் கறுத்தும், மேலே போகப்போகக் காய்ந்து வெளுத்தும் இருந்தது. முன்கண்ணாடியில் வைப்பர் ஓடிய இடம் மட்டும் விசிறி மாதிரி சுத்தம். பின்கண்ணாடி முழுக்கப் புழுதி. முகப்பு விளக்கில், யாரோ அவசரமாக இறங்கி ரெண்டு விரலால் வழித்துவிட்டு ஓடின தடம்.

“பின்னாடி ஏன் இவ்வளவு புழுதி?” என்று கேட்டார்.

“வண்டி கிளப்புற புழுதி சுருண்டு வந்து பின்கண்ணாடியிலதானே அப்பும்? தினமும் துடைக்கறவனுக்குத் தெரியாதா? பூந்தொட்டி மண்ணைத் துணியில சலிச்சேன், என் கால்ல உதிர்ற மாவு கொஞ்சம், பசை கொஞ்சம். அவளோட பழைய டூத் பிரஷ்ஷால தெறிக்க விட்டேன்.”

“பழசு ஒண்ணுமில்ல, நான் பல் தேய்ச்சுக்கிட்டிருந்த பிரஷ்” என்று தங்கை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பல்லுக்காரரின் மனைவி காரைக் கையில் வாங்கி, வாங்கினபடியே நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவருடைய எந்தக் காரையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. “என்னங்க, உங்க காரெல்லாம் ஷோரூம்ல நிக்கற மாதிரி இருக்கும். இது எங்கேயோ போய்ட்டு வந்திருக்கு” என்றாள்.

அவள் மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. வீடு திரும்பியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்தார். பத்தொன்பதும் பளபளவென்று, போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளைகள் மாதிரி நின்றன.

மறுநாள் சாயங்காலம், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தனியாகச் சகலை வீட்டுக்குப் போனார். மண் துகள் ஒவ்வொன்றும் மைதா மாதிரி அவ்வளவு நைஸாக இருந்தது. பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“தப்பா நினைக்காதீங்க தம்பி. துகள் பெரிசு. இருபத்து நாலு மடங்கு பெருக்கிப் பாருங்க, ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழம் சைஸ் வரும். விஷயம் தெரிஞ்சவங்க பாத்தா சிரிப்பாங்க.”

சகலையின் முகம் சட்டென்று வாடியது. காரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். “எனக்குத் தெரியலையேண்ணே... நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கழுவிட்டு மறுபடி போடறேன். எதைப் போட்டுக் கழுவறது?”

“தின்னர் போட்டாப் போதும்.”

தின்னரில் ரெண்டு வகை உண்டு. ஒன்று சாயத்தை மட்டும் எடுக்கும். பட்டறையில் வைத்திருக்கிற இன்னொன்று பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். ‘பட்டறைத் தின்னர் வேண்டாம்’ என்கிற வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டுக் கிளம்பினார்.

நாலாம் நாள் தங்கை போன் செய்தாள். பஸ் பட்டறையிலிருந்து யாரோ தின்னர் கொண்டுவந்து கொடுத்தார்களாம். துடைக்கத் துடைக்கக் காரின் கூரை வெண்ணெய் மாதிரி இளகி உள்வாங்கிவிட்டதாம். “பேசவே மாட்டேங்கறார்க்கா. சாப்பாடும் இறங்கல.”

மனைவி சொல்லக் கேட்டதும் பல்லுக்காரருக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, இனி அந்தக் காரை யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த நிம்மதி தனக்குள் வந்ததைக் கண்டு, அடுத்த நொடியே அவருக்கு உடம்பு கூசியது. காலில் கட்டோடு கிடக்கிற ஒரு மனுஷனின் விளையாட்டுச் சாமானை உடைத்துவிட்டா இவ்வளவு சந்தோஷம்?

ரெண்டு நாள் லேபில் எந்தப் பல்லும் கைக்கு அடங்கவில்லை. மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சகலை வீட்டுக்குப் போய் நின்றார்.

“அந்த மண்ணுல ஒரு குறையும் இல்ல தம்பி. நான்தான் பொய் சொன்னேன். எந்தத் தின்னர்னும் தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்.”

சகலை மாவுக்கட்டுக் காலை நகர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏன்?”

“பொறாமை.”

“என்மேலயா?” சகலைக்குக் கோபத்தைவிட ஆச்சரியம் முந்திக்கொண்டது. பிறகு கோபமும் வந்தது. “கார் போனாப் போகுதுண்ணே. நல்லா இருக்குன்னு என் கண்ணு சொல்லுச்சு. நீங்க சொன்னதைக் கேட்டு அந்தக் கண்ணையே நம்பாம விட்டேன் பாருங்க, அதான் ஆறல.”

பல்லுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “புதுப் பெட்டி ஒண்ணு வாங்கித் தர்றேன்.”

“வேண்டாம். அலமாரியில நடுத்தட்டுல ஒரு நீல வண்டி நிக்குதே, அதைக் குடுங்க. நான் சேறு அடிக்கறேன்.”

நீல வண்டி எட்டு மாச உழைப்பு. சீட் பெல்ட்டின் தையலைக்கூட ஒற்றை மயிர்ப் பிரஷ்ஷால் போட்டது. அவருக்குப் பெற்ற பிள்ளையைக் கேட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தார். கைதான் லேசில் விடவில்லை. சகலை இழுத்துத்தான் வாங்கவேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்துத் தங்கை அதை ஒரு செருப்பு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் முழுக்கச் சேறு. இன்னொரு பக்கம் வெறும் புழுதி. ஏதோ வளைவில் அந்தக் கார் ஓடையில் இறங்கி, ஒருக்களித்து ஏறி வந்திருக்கிறது என்பது பார்த்ததுமே புரிந்தது. பல்லுக்காரர் பூதக்கண்ணாடியோடு அரைமணி நேரம் குறை தேடினார். ஒன்றுகூட அகப்படவில்லை.

“எப்படி இருக்கு?” என்றாள் மனைவி.

அவர் போனை எடுத்துச் சகலையைக் கூப்பிட்டார்.

“தம்பி, நல்லா இருக்கு. எனக்கு இது வராது.”

அந்தப் பக்கம் சகலை சிரிப்பது கேட்டது. “நிஜமாவாண்ணே? இல்ல, இதுவும் பொய்யா?”

“நிஜம்தான். வயிறு இப்பவும் எரியுது, போதுமா?”

“போதும்ணே” என்றார் சகலை. “அடுத்த வண்டியைக் கதவு தூக்கிக்காம ஒட்டிக் குடுங்க. எனக்கு அது வராது.”

பல்லுக்காரர் போனை வைத்துவிட்டுப் பிரிக்காத பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். மட்டமானதை ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே நல்லதை எடுத்தார்.